எம்ஜிபி: 3ம் 4ம் பிளக் மட்டும் கறுக்கிறது, எந்த பிளக் போடலாம்?

கொக்குவில் வாசி:
வணக்கம் அண்ணைமார். மாமா விட்டுப்போன 1970 எம்ஜிபி ஒன்று வீட்டில் நிற்கிறது, கூரை மடிக்கிற இரண்டு சீற் கார், 1798 சிசி, பெற்றோலைக் காற்றோடு கலக்கிற எஸ்யூ காபரேற்றர் இரண்டு. ஸ்ரார்ட் எடுக்கிறது, ஓடுகிறது, ஆனால் ஐடிலில் மிஸ் பண்ணுகிறது, கஸ்தூரியார் வீதி நெரிசலில் நின்றே விடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் ரேடியேற்றர் பக்கம் உள்ள 1ம் 2ம் நல்ல பிஸ்கட் நிறம், 3ம் 4ம் அடுப்படிச் சட்டி மாதிரி, காய்ந்த கரி, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. ஒரு கடையில் இரிடியம் போடுங்கோ, கார் பறக்கும் என்கிறார்கள். இன்னொருவர் 5ம் நம்பர் சூடான பிளக் (முனை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் வகை) போட்டால் கரி பிடிக்காது என்கிறார். எதை வாங்க?

சுன்னாகத்தான்:
தம்பி, இரிடியத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது தேயாமல் நெடுநாள் நிற்கும், அவ்வளவுதான், கரி பிடித்தால் அதுவும் அடைபடும். இந்த எஞ்சினுக்கு என்ஜிகே கம்பனியின் பிபி6ஈஎஸ் போதும். முதல் பி 14 மில்லிமீற்றர் புரி, அடுத்த பி முனை வெளியே நீட்டியிருக்கிற வகை, 6 வெப்ப எண், ஈ என்றால் புரியின் நீளம் 19 மில்லிமீற்றர். நீளம் பிழைத்தால் மட்டும் விளையாட்டு இல்லை, கூடிய நீளம் பிஸ்ரனில் போய் இடிக்கலாம். சம்பியன் என்றால் என்9வைசி, டென்சோ என்றால் டபிள்யூ20ஈபி-யூ.

5 போடச் சொன்னவருக்கு: என்ஜிகேயில் எண் குறையக் குறைய பிளக் சூடு கூடும், பொஷ்ஷில் அதற்கு நேர்மாறு, கடையில் எண்ணை மட்டும் பார்த்து மாற்றித் தந்துவிடுவார்கள், கவனம். 5 போட்டால் கரி குறையும்தான். ஆனால் நன்றாக இருக்கிற 1க்கும் 2க்கும் என்ன செய்யப் போகிறீர்கள்? ஏ9 நெடுஞ்சாலையில் மிதித்து ஓடும்போது அவை தேவையில்லாமல் கொதிக்கும்.

பழைய கராஜ்:
சுன்னாகத்தார் சொன்னது சரி. நான் பிளக்கை விட்டு அடுத்த இடத்துக்குப் போகிறேன். 90களில் பெற்றோல் தடை இருந்தபோது இங்கே யாழ்ப்பாணத்தில் கார் மண்ணெண்ணெயில் ஓடியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும், ஸ்ரார்ட் எடுக்க மட்டும் காபரேற்றருக்குள் ஒரு சொட்டு பெற்றோல், சூடேறினால் மண்ணெண்ணெய். அப்போது நாலு பிளக்கும் ஒன்றாகக் கறுக்கும், ஏனென்றால் குற்றம் எண்ணெயில். உங்களுக்கு இரண்டுதான் கறுக்கிறது, அதுவும் பக்கத்துப் பக்கத்தில். 1க்கும் 2க்கும் முன் காபரேற்றர், 3க்கும் 4க்கும் பின் காபரேற்றர். பின்னதில் பெற்றோல் கூட வந்தால் அந்த இரண்டும்தான் கறுக்கும். விளங்குதோ?

முதலில் 1ஐயும் 3ஐயும் இடம் மாற்றிப் பூட்டி ஓடுங்கோ. கறுப்பு பிளக்கோடு போனால் பிளக், 3லேயே நின்றால் காபரேற்றர். பிறகு சோக்கை (ஆறின எஞ்சினை ஸ்ரார்ட் எடுக்கப் பெற்றோலைக் கூட்டுகிற இழுவை) முழுதாக இழுத்து விட்டுவிட்டு, இரண்டு காபரேற்றருக்கும் அடியில் ஜெற், அதாவது பெற்றோல் வரும் சின்னக் குழாய், ஒரே அளவுக்கு மேலே போய் ஒட்டுகிறதா என்று பாருங்கோ. எஸ்யூவில் சோக் என்பது ஜெற்றைக் கீழே இழுப்பதுதான், அது கீழே தங்கினால் நாள் முழுக்கச் சோக் போட்டு ஓடுகிற கணக்கு.

கொக்குவில் வாசி:
ஐயா, மாற்றிப் பூட்டினேன், 1இல் இருந்த நல்ல பிளக்கும் 3க்குப் போனதும் கறுத்துவிட்டது. சோக்கை விட்டால் முன் ஜெற் டக் என்று மேலே ஏறுகிறது, பின்னது அரைவாசியில் நிற்கிறது, விரலால் தள்ளினால்தான் ஏறுகிறது. இணைப்புக் கம்பியின் மூட்டு ஆணியில் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து கட்டியாக இருக்கிறது. அதைக் கழுவிவிடுகிறேன். புதுப் பிளக் நானே பூட்டலாமா? கடையில் ஆர் எழுத்துள்ளது, பிபிஆர்6ஈஎஸ், அதுதான் இருக்கிறதாம்.

சுன்னாகத்தான்:
ஆர் போடலாம், உள்ளே ரெசிஸ்ரர் இருக்கிறது, ரேடியோ இரைச்சல் குறையும். மல்ரிமீற்றரில் மேல் முனைக்கும் நடு முனைக்கும் இடையே பாருங்கோ, 5 கிலோ ஓம் அளவில் காட்டவேண்டும். ஆர் என்று அச்சடித்துவிட்டு பூச்சியம் காட்டினால் போலி, திருப்பிக் கொடுங்கோ. இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மில்லிமீற்றர். பெட்டியில் வருவது அதைவிடக் கூட இருக்கும், வெளி முனையை மட்டும் மெல்ல வளையுங்கோ, நடு முனையில் கை வைக்க வேண்டாம்.

எஞ்சின் ஆறின பிறகு, பிளக் குழியில் உள்ள மண்ணை ஊதிவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றுங்கோ, நாலு வயரையும் ஒன்றாக இழுத்தால் 1-3-4-2 என்ற தீப்பொறி வரிசை குழம்பிப் போகும். ஒரு துண்டு பெற்றோல் ரியூப்பை பிளக் தலையில் செருகி அதாலேயே சுழற்றி இறக்குங்கோ. புரி பிழைத்தால் ரியூப் வழுக்கும், ஹெட் தப்பும். கையால் இறுகியதும் சாவியால் அரைச் சுற்று, மிஞ்சினால் முக்கால்வாசிக்கு உள்ளே. தலையில் உள்ள சின்ன நட்டை உங்கள் வயர் மூடிக்குத் தேவை என்றால் குறட்டால் இறுக்குங்கோ, இல்லையென்றால் கழற்றுங்கோ, தளர்ந்து கிடந்தால் அதுவே மிஸ் பண்ணும்.

கொக்குவில் வாசி:
மூட்டு ஆணியைக் கழுவி எண்ணெய் விட்டேன், ஜெற் இரண்டும் ஒன்றாக ஏறுகிறது. புதுப் பிளக் பூட்டியாயிற்று, மீற்றரில் நாலும் 5க்குக் கிட்டக் காட்டின. ஐடில் அமைதி. ஆனால் வாசலில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கழற்றினால் 3இல் இன்னும் லேசான கறுப்பு.

பழைய கராஜ்:
வாசலில் ஐடிலில் விட்டுப் பார்த்தால் எந்தப் பிளக்கும் கறுப்பாகத்தான் தெரியும். நாவற்குழி தாண்டி ஒரே வேகத்தில் ஓடி, கியரை நியூட்ரலுக்கு எடுத்து, எஞ்சினை அப்படியே நிறுத்தி ஓரம் கட்டுங்கோ, ஆறவிட்டு அங்கேயே கழற்றிப் பாருங்கோ. அப்பவும் 3ம் 4ம் கறுப்பென்றால், எஞ்சின் சூட்டில் ஐடிலில் விட்டு, பின் காபரேற்றரின் அடியில் உள்ள சின்னத் தூக்கு ஆணியை மேலே தள்ளி, காபரேற்றருக்குள் இருக்கிற பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்குங்கோ. வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் கூட, ஜெற்றின் அடியில் உள்ள நட்டை அதன் ஆறு முகத்தில் ஒரு முகம் அளவு மட்டும் மேலே திருப்புங்கோ. அணையப் பார்த்தால் குறைவு, கீழே. கொஞ்சம் கூடி இறங்கினால் கை வைக்காமல் விடுங்கோ.