கருவாட்டுக்கு ஒரு வணிகப் பெயர்: ஆலோசனை தேவை

வணக்கம் உறவுகளே,

திருகோணமலையில் ஒரு பெண்கள் குழு நெத்தலிக் கருவாட்டை 250 கிராம் பைக்கற்றில் சந்தைக்குக் கொண்டுவருகிறது. லோகோ பிறகு வரட்டும். வாங்குபவருக்கு என்ன உறுதி சொல்லப்போகிறோம் என்பதை முதலில் தீர்க்கவேணும்.

"சுத்தமானது, சுவையானது" என்று எல்லாப் பைக்கற்றிலும் இருக்கு, அதைப் பார்த்து ஒருத்தரும் வாங்குவதில்லை. இவர்கள் மணலில் பரப்பாமல், உயர்த்திக் கட்டிய வலைத்தட்டில் காயவைக்கிறார்கள். வாயில் மணல் நறநறக்காது. எங்கட பார்வையில் பிடிச்சுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சிக்கல் பையில். மணல் இல்லையென்று காட்டக் கண்ணாடிப் பை வேணும். ஆனால் வெளிச்சம் பட்டால் மீன் கொழுப்பு ஒக்சிசனேறி, கருவாடு மஞ்சளித்துக் காறல் வாடை அடிக்கும். ஒளிபுகாப் பையில் பின்பக்கம் சின்ன ஜன்னல் வைத்தால் போதுமா?

'திருகோணமலைக் கருவாடு' என்ற பெயர் சரிவராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஊரையும் பொருளையும் மட்டும் சொல்லும் வணிகக்குறியைப் பதியமுடியாது. மீன், இறைச்சி உணவுகளுக்கான 29ஆம் வணிகக்குறி வகுப்பில் பதியக்கூடிய, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உச்சரிப்புக் கெடாத இரண்டு மூன்று அசைப் பெயர் இருந்தால் சொல்லுங்கோ.

இன்னொன்று: கொழும்புக் குடும்பங்கள் கிலோ விலையைப் பார்ப்பார்கள், நிலாவெளிக் கடற்கரைக்கு வரும் பயணிகளுக்கு வாடை வெளியே வராத பைதான் முக்கியம். முதல் வருடம் யாரைப் பிடிப்பது? கருவாடோ மாசியோ விற்ற அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கோ.