"உலகின் ஒளி நானே" என்று இயேசு சொன்னாரே, அந்த ஒளி எது?

கேட்டவர்: புதுமருமகள்

நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தது தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில், கத்தோலிக்கக் குடும்பத்துக்கு. போன ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி மாமியாரோடு கோயிலுக்குப் போனேன். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டார்கள். வாசலில் நெருப்பு மூட்டி, அதிலிருந்து ஒரு பெரிய மெழுகுதிரியைப் பற்றவைத்து, சாமியார் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்று இடத்தில் நின்று "கிறிஸ்துவின் ஒளி இதோ" என்று பாடினார். அப்புறம் ஆள் மாற்றி ஆள் சின்னத் திரிகளைக் கொளுத்திக்கொண்டே வந்தார்கள். என் திரியை அத்தை தன்னுடையதிலிருந்து பற்றவைத்தார்கள், மெழுகு கையில் சொட்டிச் சுட்டது. ஐந்து நிமிஷத்தில் கோயில் முழுக்க வெளிச்சம். உண்மையைச் சொன்னால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இவரிடம் "அந்த ஒளி என்றால் என்ன?" என்று கேட்டேன். "அது அப்படித்தான், இயேசுதான் ஒளி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். ஒளியைச் சாமியாகக் கும்பிடுவது எனக்குப் புதிதில்லை. அம்மா வீட்டில் கார்த்திகைக்கு அகல் ஏற்றுவோம், தாத்தா வடலூருக்குப் போய்வருவார், அருட்பெருஞ்ஜோதி என்றுதான் அவர் நாளே தொடங்கும். அதுவும் இதுவும் ஒன்றுதானா? அல்லது ஒளி என்றால் அறிவு, ஞானம், அந்த மாதிரியா? யாராவது பொறுமையாகச் சொல்லுங்கள். மதம் மாறச் சொல்லியோ மாறாதே என்று சொல்லியோ யாரும் வர வேண்டாம், ரெண்டுக்கும் வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

---

மரக்கால் எழுதியது:

சகோதரி, நான் சி.எஸ்.ஐ., நெல்லைப் பக்கம். எனக்குத் தெரிந்த வேத வசனம் பழைய மொழிபெயர்ப்பில்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாக்கியத்தைத் தனியாக வெட்டி காலண்டரில் போட்டுப் போட்டு, அது எங்கே சொல்லப்பட்டது என்பதே எல்லாருக்கும் மறந்துவிட்டது. பைபிளில் யோவான் எழுதிய நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் இயேசு எருசலேமுக்குக் கூடாரப் பண்டிகைக்குப் போகிறார். 8ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தில் "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன், என்னைப் பின்பற்றுகிறவன் இருளிலே நடவாமல் ஜீவஒளியை அடைந்திருப்பான்" என்கிறார். 20ஆம் வசனத்தைப் பாருங்கள், தேவாலயத்தில் தருமப்பெட்டி இருக்கும் இடத்தில் இதைச் சொன்னார் என்று இருக்கும். அது பெண்களும் வந்து நிற்கக்கூடிய முற்றத்தை ஒட்டிய இடம் என்பது பொதுவான கருத்து.

இனி அந்தப் பண்டிகையில் ராத்திரி என்ன நடக்கும் என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்வதைக் கேளுங்கள். அந்த முற்றத்தில் பொன்னால் செய்த பெரிய விளக்குத் தண்டுகள், ஒவ்வொன்றின் உச்சியிலும் நாலு கிண்ணம், ஒவ்வொன்றுக்கும் நாலு ஏணி. இளம் ஆசாரியர்கள் எண்ணெய்க் குடத்தோடு ஏணியில் ஏறி ஊற்றுவார்கள். திரி எதில் தெரியுமா? ஆசாரியர்களின் நைந்துபோன கால்சட்டையையும் இடைக்கச்சையையும் கிழித்துத் திரித்தது! எருசலேமில் அந்த வெளிச்சம் விழாத முற்றமே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்கள் கையில் தீவட்டியோடு ஆடுவார்களாம். இயேசு அந்த வாக்கியத்தைச் சொன்னது இந்த விளக்குகளை மனதில் வைத்துத்தான் என்று வேத அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஊருக்கே தெரிந்த அந்த விளக்குகள் நின்ற இடத்தில் ஒருத்தர் எழுந்து "நான் உலகத்திற்கே ஒளி" என்றால் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! உடனே பரிசேயர், அதாவது சட்டத்தைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்த யூதப் பிரிவினர், சண்டைக்கு வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்று. எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் கூடாரம் போட்டு அலைந்த நாட்களை நினைத்துத்தான் அந்தப் பண்டிகை. அப்போது ராத்திரியில் அவர்களுக்கு முன்னால் போனது அக்கினிஸ்தம்பம், அதாவது நெருப்புத் தூண். அது நகர்ந்தால் இவர்களும் மூட்டை கட்ட வேண்டும். உட்கார்ந்து பார்ப்பதற்கான வெளிச்சம் இல்லை அது, பின்னால் நடப்பதற்கான வெளிச்சம். அதனால்தான் இயேசு அந்த வசனத்தில் "என்னைப் பார்க்கிறவன்" என்று சொல்லவில்லை, "பின்பற்றுகிறவன்" என்கிறார், அடுத்து "நடவாமல்" என்கிறார். உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்: ஒளி என்றால் அவர் போகிற வழியில் போவது. அறிவும் அதில் உண்டு, ஆனால் முதலில் கால்.

---

ஞாயிறு லீவு எழுதியது:

மேலே உள்ளவர் அழகாகச் சொன்னார். நான் கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஏழெட்டு வருஷம் ஆகிறது, ஆனாலும் இந்த விஷயத்தில் ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒளி என்றால் நமக்கு உடனே இதமான விளக்கு, அமைதி, சிலிர்ப்பு என்றுதான் தோன்றும். யோவானில் அது அவ்வளவு இதமானது கிடையாது. 3ஆம் அதிகாரத்தில் என்ன இருக்கிறது? ஒளி வந்தும் மனுஷர் இருளை விரும்பினார்கள், காரணம் அவர்கள் செய்கிற வேலை அப்படி. பொல்லாங்கு செய்கிறவன் தன் காரியம் தெரிந்துபோகும் என்று வெளிச்சத்துக்கு வரமாட்டான். அதாவது ஆபரேஷன் தியேட்டர் லைட் மாதிரி. இருக்கிறதை இருக்கிறபடி காட்டும்.

எங்கள் சபையில் ஒரு கூட்டத்தில் கட்டட நிதிக் கணக்கைக் காட்டுங்கள் என்று என் அப்பா எழுந்து கேட்டார். அன்றைக்குப் பிரசங்கமே "ஒளியின் பிள்ளைகளாய் நடவுங்கள்" என்பதுதான். கணக்கு நோட்டு மட்டும் வெளிச்சத்துக்கு வரவே இல்லை, அப்பாவுக்குத்தான் "கலகக்காரர்" என்று பேர் வந்தது. அப்புறம் நான் ஏன் லீவு எடுத்தேன் என்று கேட்காதீர்கள். ஆனால் அப்பா இன்னமும் போகிறார், அது வேறு கதை.

அந்த 9ஆம் அதிகாரத்தையும் படியுங்கள் அக்கா. பிறவிக் குருடன் ஒருவனுக்கு இயேசு துப்பலில் மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசி, சிலோவாம் குளத்தில் கழுவச் சொல்கிறார். (அந்தக் குளத்தின் படிகள் 2004இல் கழிவுநீர்க் குழாய் வேலைக்குத் தோண்டும்போது கிடைத்தன. நான் நம்பாமல் இருந்த காலத்திலும் அந்தப் படத்தைச் சேமித்து வைத்திருந்தேன்.) அவனுக்குப் பார்வை வந்தது ஐந்தாறு வரியில் முடிந்துவிடும். மிச்ச அதிகாரம் முழுக்க விசாரணை! அக்கம்பக்கத்தார், பரிசேயர், பயந்து நழுவுகிற அப்பா அம்மா. அவன் முதலில் "இயேசு என்கிற ஒருவர்" என்கிறான், அடுத்து "தீர்க்கதரிசி" என்கிறான், கடைசியில் காலில் விழுகிறான். கண் இருந்தவர்கள் ஒவ்வொரு படியாக எதிர்ப்பக்கம் இறங்கிப் போகிறார்கள். "நான் குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும்" என்று அவன் சொல்கிற இடம் எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். படித்தவர்கள் முன்னால் ஒரு பிச்சைக்காரன் பேசுகிற பேச்சா அது!

---

பழைய பீடச்சிறுவன் எழுதியது:

நீங்கள் பார்த்தது பாஸ்கா திருவிழிப்பு. பள்ளி நாட்களில் அந்தப் பெரிய திரிக்குப் பக்கத்தில் சாம்பிராணிக் கலசத்தோடு நின்றவன் என்கிற தகுதியில் எழுதுகிறேன்.

அடுத்த தடவை அந்தத் திரியைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். சிலுவை ஒன்று இருக்கும், கிரேக்க எழுத்துகளில் முதலாவதும் கடைசியும் இருக்கும், நாலு மூலையில் அந்த வருஷத்தின் நாலு எண்கள், ஐந்து காயங்களுக்காகக் குத்தின ஐந்து சாம்பிராணி மணிகள். ஒளி என்கிற பெரிய விஷயத்தை இந்த வருஷத்து நம்பரோடு கட்டிப்போட்டு வைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் ஒரு பிரியம். அதை வைத்துப் பாடும் நீண்ட புகழுரையில் மெழுகு செய்த தேனீக்களுக்குக்கூட இடம் உண்டு.

ஞானஸ்நானத்திலும் குழந்தையின் திரியை அந்தப் பாஸ்காத் திரியிலிருந்துதான் ஏற்றுவோம். ஞானஸ்நானத்தை ஒளியோடு சேர்த்துப் பேசுவது புதிதில்லை, 2ஆம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன் ஞானஸ்நானத்துக்கு "ஒளியூட்டல்" என்று ஒரு பெயர் உண்டு என்று எழுதியிருக்கிறார். மேலே சொன்ன குருடன் கதையையும் ஞானஸ்நானத்துக்குத் தயாராகிறவர்களுக்காகத் தவக்காலத்தில் வாசிப்பார்கள்.

ஞாயிறு பூசையில் அத்தை சொல்கிற நம்பிக்கை அறிக்கையில் "ஒளியினின்று ஒளி" என்று வரும், காதில் விழுந்திருக்கும். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வைத்த சொல் அது. மகனாகிய இயேசு தந்தையாகிய கடவுளால் படைக்கப்பட்டவர், அவருக்குக் கீழ்ப்பட்டவர் என்று ஆரியுஸ் என்கிற குரு போதித்துக்கொண்டிருந்தார். இல்லை, ஒரு சுடரிலிருந்து இன்னொரு சுடர் வந்தால் இரண்டும் நெருப்புதான், கொடுத்தது குறைவதும் இல்லை என்பது பழைய ஆசிரியர்களின் விளக்கம். அத்தை திரியிலிருந்து உங்கள் திரிக்கு வந்ததே, அத்தை திரி மங்கியதா? அவ்வளவுதான் இறையியல்.

இனி உங்கள் அருட்பெருஞ்ஜோதிக் கேள்வி. ரெண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம், ஆனால் ரெண்டு பேருக்கும் நியாயம் செய்ததாகாது. 1872இல் தொடங்கிய வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்கள், உங்கள் தாத்தா சொல்லியிருப்பார். அங்கே உருவம் இல்லாத கடவுளுக்கு ஒளியே வடிவம். கிறிஸ்தவர்கள் சொல்வது கொஞ்சம் தலைகீழ். ஒளி ஓர் ஆள் என்கிறார்கள். அவர் பசித்தார், படகில் தூங்கினார், நண்பன் செத்ததற்கு அழுதார், கடைசியில் செத்தும் போனார், அப்போது நடுப்பகலில் மூன்று மணி நேரம் இருட்டிவிட்டது என்று எழுதியிருக்கிறது. அணைந்த ஒளி. சனிக்கிழமை ராத்திரி கோயிலை இருட்டாக்குவது எதற்கு என்று அதை நினைத்தால்தான் புரியும். இதில் எது உயர்வு என்று நான் சொல்ல வரவில்லை. சிலிர்ப்பு ஒன்றாக இருக்கலாம், சொல்கிற கதை வேறு.

---

புதுமருமகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கால்சட்டைத் திரியை அத்தையிடம் சொன்னேன், ஒரு மணி நேரம் சிரித்தார்கள். கூடவே இன்னொரு சந்தேகம். வீட்டில் இருக்கிற பைபிளில் யோவான் முதல் அதிகாரத்தில் "இருள் அதன்மேல் வெற்றி கொள்ளவில்லை" என்று இருக்கிறது. பக்கத்து வீட்டு டீச்சர் வைத்திருப்பதில் "இருளானது அதைப் பற்றிக்கொள்ளவில்லை" என்று இருக்கிறது. ரெண்டும் ஒரே வரியா? அர்த்தமே மாறுகிறதே?

---

சொல்பொறுக்கி எழுதியது:

ஒரே வரிதான், யோவான் 1:5. டீச்சருடையது சீர்திருத்த சபையினர் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பு, உங்கள் வீட்டில் இருப்பது 1995இல் வந்த திருவிவிலியம். சிக்கல் மூலமொழியான கிரேக்கத்தில் இருக்கிறது. அங்கே உள்ள வினைச்சொல்லுக்குக் கையால் பிடிப்பது, மனதால் பிடிப்பது, துரத்திப்போய் மடக்குவது என்று எல்லா அர்த்தமும் உண்டு. இருளுக்கு ஒளி விளங்கவில்லை என்றும் படிக்கலாம், இருளால் ஒளியை அமுக்க முடியவில்லை என்றும் படிக்கலாம். யோவானுக்கு இந்த மாதிரி ரெட்டை அர்த்தம் வைப்பதில் கொஞ்சம் குறும்பு உண்டு, ரெண்டையும் நினைத்தே எழுதியிருப்பார் என்பது என் கட்சி.

"பற்றிக்கொள்ளவில்லை" என்பது அபாரமான சொல், யாரும் கவனிப்பதில்லை. தமிழில் பற்றுவது பிடிப்பதும்தான், நெருப்புப் பற்றுவதும்தான். ஈரவிறகு மாதிரி இருள் பக்கத்திலேயே கிடந்தும் பற்றிக்கொள்ளவில்லை என்று ஒரு மூன்றாவது அர்த்தம் நமக்கு மட்டும் இலவசம். கிரேக்கத்தில் அது கிடையாது, ஆனால் நான் விடமாட்டேன்.

அதே கிரேக்க வினை 12:35இலும் வருகிறது. அங்கே பழைய மொழிபெயர்ப்பில் "இருளில் நீங்கள் அகப்படாதபடிக்கு ஒளி உங்களோடிருக்கையில் நடவுங்கள்" என்று இருக்கும். மரக்கால் சொன்ன நடை மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள். முதல் அதிகாரத்தில் ஒளியைப் பிடிக்க முடியாத இருள், இங்கே நின்றுகொண்டிருக்கிற ஆளைப் பிடித்துவிடும்.

---

ஞாயிறு லீவு எழுதியது:

ஒன்று மட்டும். ஒளி எல்லாருக்கும் தெரியும் என்று பேசுகிறோம். அன்னை தெரேசா செத்துப் பத்து வருஷம் கழித்து, 2007இல் அவருடைய கடிதங்கள் வெளிவந்தபோது உலகமே அதிர்ந்தது, பல பத்தாண்டுகள் உள்ளே இருட்டு என்று எழுதியிருந்தார். அப்படியும் காலையில் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார். மரக்கால் சார் சொன்ன "முதலில் கால்" என்பது அவருக்குப் பொருந்தும் போலிருக்கிறது. எனக்கு எப்படி என்று பார்க்க வேண்டும்.

---

புதுமருமகள் எழுதியது:

நேற்று அத்தையிடம் சும்மா கேட்டேன், "அந்த ராத்திரி கொடுத்த திரியை எல்லாரும் என்ன செய்வார்கள்?" என்று. அலமாரியைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்தார்கள். உள்ளே நாலைந்து வருஷத்துத் திரித் துண்டுகள், சிலது கட்டைவிரல் அளவுகூட இல்லை. மாமா கடலுக்குப் போய்த் திரும்பவேண்டிய நேரத்துக்குத் திரும்பாத ராத்திரிகளில் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்து ஏற்றுவார்களாம். "இதைப் பார்த்து மாமா கரைக்கு வரவா? கலங்கரை விளக்கம்தான் இருக்கே" என்று கேட்டேன். "அவருக்கு இல்லட்டி, எனக்கு" என்றார்கள்.

என்னுடைய திரி பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. அதையும் அந்த டப்பாவில் போட்டு மூடிவிட்டார்கள். 9ஆம் அதிகாரம் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள்.