புதுப்பிப்பு: கோவை ஆர்.எஸ்.புரம் வாடகை வீடு, பத்து மாச அட்வான்ஸ்

வீட்டுக்காரம்மா பத்து மாச அட்வான்ஸ் கேக்கறாங்க, ஒப்பந்தம் எழுதவும் மாட்டேங்கறாங்கன்னு இங்க கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

வேலைக்கு ஆனது 2017 வாடகைச் சட்டத்தைச் சொல்லிப் பேசுங்கன்னு வந்த யோசனைதான். ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும். ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா ஒழிய அட்வான்ஸ் மூணு மாச வாடகையைத் தாண்டக் கூடாது. சண்டை போடாம, "பதிவு பண்ணிட்டா உங்களுக்கும் பாதுகாப்புங்கம்மா"ன்னேன். வீட்டுக்காரம்மா அஞ்சு மாசத்துக்கு இறங்கினாங்க. எழுதிப் பதிவும் பண்ணியாச்சு. புரோக்கர் மூஞ்சிதான் சுண்டிப்போச்சு.

எதிர்பாராதது தண்ணி. குடிக்கற சிறுவாணித் தண்ணி கீழ இருக்கற குழாய்ல மட்டுந்தான், குடத்துல பிடிச்சு மாடி ஏத்தணும். மத்ததெல்லாம் போர் தண்ணி, ஒரே உப்பு. ஷவர் ஓட்டையெல்லாம் வெள்ளை பூத்து அடைச்சுக் கிடக்குது. வீடு பாக்கப் போறவங்க குழாயைத் திறந்து ஒரு வாய் ருசி பாத்துருங்க.