சொந்தப் பாட்டை வானொலியில் போட வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரைப் பக்கம் நாங்கள் ஒரு சின்ன இசைக்குழு, பாட்டும் மெட்டும் எங்களுடையதுதான், வீட்டிலேயே பதிவு செய்து யூடியூபில் போட்டு வருகிறோம். ஒரு தனியார் எஃப்எம்மில் கேட்டதற்கு, சினிமாப் பாட்டு மட்டும்தான் போடுவோம் என்று சிரித்தபடியே அனுப்பிவிட்டார்கள். சரி, அவர்கள் பிழைப்பு அப்படி.

கல்லூரிகளும் தொண்டு அமைப்புகளும் உள்ளூர் மக்களுக்காக நடத்தும் சமுதாய வானொலிகள் பக்கம் போகலாம் என்று நினைக்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-லேயே தொடங்கிய அண்ணா எஃப்எம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி, பாம்பனில் மீனவர்களுக்காக நடக்கும் கடல் ஓசை என்று சில பெயர்கள் தெரியும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்பில் உருவாக வேண்டும் என்று விதியே இருப்பதால், நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே இடம் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும், பரவாயில்லை, கேட்கிறவர் பக்கத்து ஊர்க்காரராக இருந்தால் கச்சேரிக்கும் வருவார்.

யாராவது இப்படிப் பாட்டு கொடுத்திருக்கிறீர்களா? நேரில் போய்ப் பார்ப்பதா, மின்னஞ்சல் போதுமா? எம்பி3 போதுமா, வேவ் கேட்பார்களா? பாட்டு எழுதுகிறவர்களுக்கும் இசையமைக்கிறவர்களுக்கும் உரிமைத்தொகை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் முதலில் உறுப்பினராகிவிட்டுக் கொடுப்பதுதான் நல்லதா? அப்புறம், ஆகாசவாணி குரல் தேர்வில் மெல்லிசைப் பிரிவில் சொந்த மெட்டைப் பாட விடுகிறார்களா என்பதையும் அனுபவப்பட்டவர்கள் சொன்னால் பெரிய உதவி. மதுரை, திண்டுக்கல் வட்டாரத்தில் நிலையம் தெரிந்தால் பெயரை மட்டுமாவது போடுங்கள், மற்றதை நாங்கள் விசாரித்துக்கொள்கிறோம்.