நீல விளக்கில் இருந்த பிள்ளைகளின் இரத்த அணுக்கள்: எங்கள் அனுபவங்கள்

ஒரு தாய்:
என் மகள் 38 வாரங்கள் நிறைந்து பிறந்தாள். என் இரத்த வகை ஓ பாசிட்டிவ். அவளுடையது ஏ பாசிட்டிவ். மூன்றாம் நாள் பிலிரூபின் (உடலை மஞ்சளாக்கும் நிறமி) 17ஐத் தொட்டதால், கண்களை மறைத்துக் கட்டி, நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள். இரண்டு நாட்களில் மஞ்சள் இறங்கிவிட்டது. ஆனால் 2,10,000 ஆக இருந்த தட்டணுக்கள் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 1,46,000 ஆகக் குறைந்திருப்பதைப் பரிசோதனைத் தாளில் கண்டபோது, அந்த வெளிச்சமே அவள் இரத்தத்தைக் கெடுத்துவிட்டதோ என்று அஞ்சி அன்றிரவு முழுவதும் நான் உறங்கவில்லை. ஒரு வாரத்தில் அது 2,60,000க்கு ஏறிவிட்டது. பிறகு, யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று நேர்ந்தது: ஆறாம் வாரத்தில் ஹீமோகுளோபின் 8.4 என்று வந்தது. இதுவும் விளக்கினால்தானா?

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றிய செவிலியர்:
சகோதரி, இவ்விரண்டு இறக்கங்களையும் ஒன்றாக எண்ண வேண்டாம். ஒளி சிகிச்சையின்போது தட்டணுக்கள் ஓரளவு குறைவதை நான் பல குழந்தைகளிடம் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் அது லேசானதுதான், தானாகவே சரியாகிவிடும். ஆனாலும் குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், விளக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. கிருமித் தொற்று உண்டா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

ஹீமோகுளோபின் கதை வேறு. உங்கள் இரத்த வகை ஓ, அவளுடையது ஏ என்பதால், உங்கள் உடலிலிருந்து கருவிலேயே அவளுக்குச் சென்ற எதிர்ப்பொருள்கள் (அந்நியமானவற்றைத் தாக்கும் புரதங்கள்) அவளுடைய சிவப்பணுக்களைச் சிதைத்திருக்கக் கூடும். அந்தச் சிதைவில் உண்டாகும் பிலிரூபினை உடல் எளிதில் வெளியேற்றும் வடிவத்துக்கு மாற்றுவதுதான் ஒளியின் வேலை. சிதைவை அதனால் நிறுத்த முடியாது. எதிர்ப்பொருள்களோ பல வாரங்கள் இரத்தத்தில் தங்கியிருக்கும். எல்லாக் குழந்தைகளுக்கும் இரண்டாம் மாதவாக்கில் இயல்பாகவே ஹீமோகுளோபின் இறங்குவதால், இத்தகைய குழந்தைகளுக்கு அது இன்னும் ஆழமாக இறங்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போதே மறுபரிசோதனைக்கு உரிய நாளைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நான் எப்போதும் வலியுறுத்துவேன். மஞ்சள் மறைந்த மகிழ்ச்சியில் அது விடுபட்டுப் போவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிபவர்:
இரத்தம் எடுக்கும்போது விளக்கை அணைத்துவிட்டு, குழாயை வெளிச்சம் படாமல் மூடி அனுப்புங்கள். வெளிச்சம் பட்டால் குழாயிலேயே பிலிரூபின் சிதைந்து, அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், வெயிலில் இருந்துவிட்ட ஓர் இரத்தக் குழாயில் பிலிரூபின் குறைந்திருந்ததும், ஜீன் வார்டு என்ற செவிலியர் வெயிலில் கொண்டுசென்ற குழந்தையின் மேனியில் துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாக நின்றதும்தான் இந்தச் சிகிச்சைக்கே வழி திறந்தன. விளக்கில் இருக்கும் குழந்தையின் தோல் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் காரணம் அதுவே.

அதே தாய்:
நன்றி. இரத்தம் ஏற்றத் தேவைப்படவில்லை. மூன்றாம் மாத முடிவில் 10.6 வந்திருக்கிறது, நன்றாகப் பால் குடிக்கிறாள்.