ஈ3 மேடையில சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ: எந்த வருஷத்தை வெச்சு ஒப்பிடறது?

கொருக்குப்பேட்டை கார்த்தி:

எல்லாருக்கும் வணக்கம். நான் கேம் பக்கம் வந்ததே 2020க்கு அப்புறம்தான். லாஸ் ஏஞ்சலஸ்ல வருஷா வருஷம் நடந்த ஈ3ங்கற வீடியோ கேம் கண்காட்சியை ஒரு தடவை கூட நேரலையில பார்க்கக் குடுத்து வைக்கல. 2019தான் கடைசியா ஆளுங்க நேர்ல கூடினது. 2021ல ஆன்லைன்ல மட்டும் நடந்துச்சு, 2023 டிசம்பர்ல இனிமே ஈ3யே கிடையாதுன்னு அறிவிச்சுட்டாங்க. ஆனா பழைய நிகழ்ச்சி எல்லாம் யூடியூப்ல முழுசா இருக்கு. நானும் சித்தப்பா பையனும் சனிக்கிழமை ராத்திரி ராத்திரி ஒரு வருஷத்தை எடுத்து, மூணு கம்பெனியையும் வரிசையா பார்த்து ஒப்பிடலாம்னு இருக்கோம்.

அவன் 2015ல ஆரம்பிக்கணும்ங்கறான். நான் 2016ங்கறேன். அதைவிடப் பெரிய சந்தேகம் ஒண்ணு இருக்கு. யாரு ஜெயிச்சாங்கன்னு எதை வெச்சு சொல்றது? கைதட்டலை வெச்சா, காட்டின கேம் எண்ணிக்கையை வெச்சா? அப்போ நேரலையில பார்த்தவங்க கொஞ்சம் சொல்லுங்க.

ராயபுரம் ரபீக்:

2016 சோனி. வேற பேச்சே இல்ல ப்ரோ. அங்க திங்கக்கிழமை சாயங்காலம் ஆறு மணின்னா நமக்கு செவ்வாக்கிழமை காலைல ஆறரை. பல்லு கூட விளக்காம உக்காந்து பார்த்தேன். யாரும் வந்து வளவளன்னு பேசல. நேரா ஆர்கெஸ்ட்ரா வாசிக்க ஆரம்பிச்சாங்க, அப்படியே திரையில காடு, பனி, ஒரு சின்னப் பையன். இருட்டுல இருந்து தாடியோட காட் ஆஃப் வார் ஹீரோ க்ரேட்டோஸ் வந்து நின்னப்போ அரங்கமே கத்துச்சு, நானும் கத்தினேன். அப்பறம் கேம் டைரக்டர் கோஜிமா மேடைக்கு நடந்து வருவாரு, அவர் கால் வைக்கிற இடமெல்லாம் விளக்கு எரியும். அவரோட டெத் ஸ்ட்ராண்டிங் கேமை அங்கதான் மொத மொத காட்டினாங்க.

2015ம் சோனிதான். தி லாஸ்ட் கார்டியன், ஃபைனல் ஃபேன்டஸி 7 ரீமேக், ஷென்மூ 3ன்னு மூணு கேமையும் ஒரே ராத்திரியில இறக்கினாங்க. அந்த மாதிரி மேடை இனிமே வராது.

வியாசை கேம் கடை:

தம்பி கார்த்தி, ரெண்டு பேரும் 2013ஐ விட்டுட்டீங்களே. ரபீக் சொல்ற ஆர்கெஸ்ட்ராவை நானும் பார்த்தேன், எனக்கும் புடிச்சுது. ஆனா யாரு ஜெயிச்சாங்கன்னு கேட்டா நான் வேற கணக்கு சொல்லுவேன்.

நான் வியாசர்பாடில கடை வெச்சு நடத்தினவன். சோனியோட பிளேஸ்டேஷன் 2, அதாவது பிஎஸ்2, மணிக்கு இவ்ளோன்னு காசு. நம்ம ஏரியா பசங்க காலைல கிரவுண்டுல நெஜ ஃபுட்பால் ஆடிட்டு சாயங்காலம் என் கடைல பிஇஎஸ்னு ஃபுட்பால் கேம் ஆடுவானுங்க. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பிஎஸ்3 சிடி மாத்தறது. நாலு பசங்க கூட்டு போட்டு ஒரு புது சிடி எடுப்பானுங்க, ஒருத்தன் முடிச்சதும் அடுத்தவன் வீட்டுக்குப் போவும். நாலு பேரும் முடிச்சப்பறம் என்கிட்ட வரும், மேல கொஞ்சம் காசு வாங்கிக்கினு வேற சிடி குடுப்பேன்.

சிடி கைக்கு வந்ததும் கவரைப் பார்க்க மாட்டேன். டியூப்லைட்டுக்குக் கீழ சாய்ச்சு அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். நடு ஓட்டைல இருந்து ஓரத்துக்கு நேரா போற கோடுன்னா பயமில்ல, மெஷின் தாண்டிப் படிச்சுடும். வட்டத்தோடயே வளைஞ்சு போற கோடு இருந்துச்சுன்னா வாங்க மாட்டேன், ஆட்டம் நடுவுல நின்னுடும். நல்லா வெச்சிருந்த சிடி புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம்னு சுத்திட்டு மறுபடி என் கைக்கே வரும். உள் காகிதத்துல எவனாவது பேனாவுல பேர் எழுதி வெச்சிருப்பான், அதை வெச்சுக் கண்டுபுடிச்சுடுவேன். புது சிடிய முழு விலை குடுத்து வாங்க முடியாத வீட்டுப் பசங்க அவ்ளோ பேரும் கேம் ஆடினது இந்த சுத்துலதான்.

இப்ப 2013க்கு வா. ஜூன் 6ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அவங்க புது மெஷின் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு விதிமுறை போட்டாங்க. மெஷின் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்டர்நெட்ல போய் தலை காட்டணும், இல்லன்னா கேம் ஓடாது. சிடிய வித்துட்டு வரணும்னா அவங்க ஒத்துக்கிட்ட கடைல மட்டும்தான். கூட்டாளிக்குக் குடுக்கணும்னா அவன் குறைஞ்சது 30 நாளா உன் நண்பர் பட்டியல்ல இருக்கணும், அதுவும் ஒரே ஒரு தடவதான் கைமாறலாம். இதைப் படிச்சப்போ எனக்கு வயிறு கலங்கிடுச்சு. நான் செய்யற தொழிலே இல்லன்னு எழுதின மாதிரி இருந்துச்சு.

நாலு நாள் கழிச்சு ஜூன் 10, ஈ3. மைக்ரோசாஃப்ட் மொதல்ல வந்தாங்க, நமக்கு ராத்திரி பத்து மணி. விதிமுறை பத்திப் பேச்சே எடுக்கல. கேமா காட்டினாங்க, டைட்டன்ஃபால் எல்லாம் நல்லாவே இருந்துச்சு. கடைசில 499 டாலர்னாங்க, கினெக்ட் கேமரா பெட்டிக்குள்ளயே வருது. மறுநாள் விடிகாலை சோனி. சோனி கேம் பிரிவோட அமெரிக்கா தலைவர் ஜாக் டிரெட்டன் மேடையில நின்னு, பிஎஸ்4ல பழைய சிடிக்குப் புதுசா எந்தத் தடையும் இல்ல, கடைல விக்கலாம், இன்னொருத்தனுக்கு விக்கலாம், கூட்டாளிக்குக் குடுக்கலாம், நீயே வெச்சுக்கலாம்னு ஒவ்வொண்ணா சொன்னாரு. ஒவ்வொண்ணுக்கும் கூட்டம் ஆர்ப்பரிச்சுது. அப்பறம் விலை, 399. சிடிய எப்படிப் பகிர்ந்துக்கறதுன்னு ஒரு குட்டி வீடியோவும் விட்டாங்க. ஒருத்தர் சிடிய நீட்டறாரு, இன்னொருத்தர் வாங்கிக்கினு நன்றிங்கறாரு. அவ்ளோதான், அரை நிமிஷம் கூட இல்ல. ஜூன் 19ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் எல்லா விதிமுறையையும் வாபஸ் வாங்கிட்டாங்க. மேடையில சொன்ன வார்த்தை ஒம்போதே நாள்ல எதிராளியோட சட்டத்தையே மாத்தின வேற ஈ3 எனக்குத் தெரியாது.

இன்னொண்ணும் கவனி. அதே நிகழ்ச்சியிலதான் பிஎஸ்4ல ஆன்லைன்ல கூட்டா ஆடணும்னா பிளேஸ்டேஷன் பிளஸ்ங்கற சந்தா கட்டணும்னும் வந்துச்சு. பிஎஸ்3ல அது இலவசம். கைதட்டுல நெறைய பேருக்கு அது காதுலயே விழல. ஒப்பிடறப்போ இதையும் எழுதி வெச்சுக்கணும்.

அப்பறம் விலை. 399 டாலர்னா அன்னிக்கு 23,000 ரூபா சொச்சம். பிஎஸ்4 2014 ஜனவரில இங்க வந்தப்போ 39,990. எக்ஸ்பாக்ஸ் ஒன் இந்தியாவுக்கு வர 2014 செப்டம்பர் ஆயிடுச்சு, கினெக்ட் இல்லாம அதுவும் 39,990. அங்க மேடையில பெருசாத் தெரிஞ்ச அந்த நூறு டாலர் வித்தியாசம் நம்ம ஊர் பில்லுல இல்லவே இல்ல. எட்டு மாசம் முன்னாடி வந்ததும், சிடி கைமாறினதும்தான் இங்க பிஎஸ்4ஐ ஓட வெச்சுது. அந்த 2013லயும் என் கடைல ஓடினது பிஎஸ்2தான். அந்த வருஷமும் பிஎஸ்2க்குப் புது ஃபிஃபாவும் புது பிஇஎஸ்ஸும் போட்டாங்கன்றதை இப்ப சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறானுங்க.

பெரம்பூர் லோகோ:

அண்ணே சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல, ஆனா மைக்ரோசாஃப்ட்டை அங்கயே விட்டுடாதீங்க. 2015ல ரபீக் ப்ரோ சொன்ன மூணுல தி லாஸ்ட் கார்டியன் 2016 டிசம்பர்ல வந்துச்சு, ஷென்மூ 3 2019 நவம்பர்ல, ஃபைனல் ஃபேன்டஸி 2020 ஏப்ரல்ல. அதே 2015ல, அப்போ எக்ஸ்பாக்ஸ் தலைவரா இருந்த ஃபில் ஸ்பென்சர் மேடையில சொன்னது, உங்க பழைய எக்ஸ்பாக்ஸ் 360 சிடிய எக்ஸ்பாக்ஸ் ஒன்ல போடுங்க, தனியா காசு வேணாம்னு. அது அந்த வருஷ நவம்பர்லயே எல்லாருக்கும் வந்துடுச்சு. அலமாரில இருந்த சிடிக்கு மறுபடி உயிர் குடுத்தாங்க. அண்ணனோட கணக்குப்படியே பார்த்தா 2015ல ஜெயிச்சது அவங்கதான்.

மோசமானதையும் சொல்லிடறேன். ஸ்கேல்பௌண்டுன்னு ஒரு கேமை 2014ல காட்டினாங்க, 2017ல ரத்து.

திருவொற்றியூர் தேன்மொழி:

மூணு கம்பெனின்னு கேள்வியில இருக்கு, நின்டெண்டோ பத்தி யாருமே வாயைத் திறக்கல.

2013ல இருந்து அவங்க ஈ3ல பெரிய மேடையே போடல. நின்டெண்டோ டைரக்ட்னு முன்னாடியே பதிவு பண்ணின வீடியோதான். ரபீக் அண்ணா மாதிரி ஆர்ப்பாட்டம் தேடறவங்களுக்கு அது சப்புன்னுதான் இருக்கும். ஆனா 2014ல இருந்து ட்ரீஹவுஸ்னு ஒரு நேரலை பண்ணாங்க. கேமை உருவாக்கினவங்க பக்கத்துல உக்காந்திருக்க, ஒருத்தர் மணிக்கணக்கா ஆடிக் காட்டுவாங்க. 2016ல கிட்டத்தட்ட முழுசா ஒரே கேம், செல்டா ப்ரெத் ஆஃப் தி வைல்ட். புல்லுல தீ பத்த வெச்சா காத்து அடிக்கிற பக்கம் பரவுது, சூடான காத்து மேல எழும்புது, அதுல பாராசூட் மாதிரி ஒண்ணை விரிச்சுப் பறக்கறாங்க. மரத்தை வெட்டினா ஆத்துல மிதக்குது. யாரும் எழுதிக் குடுத்ததைப் படிக்கல. ஆடறவங்க தப்பு பண்ணி செத்துப் போறதையும் மறைக்காம காட்டினாங்க. 2017 மார்ச் 3 கேம் வந்தப்போ நான் பார்த்தது எல்லாம் அப்படியே உள்ள இருந்துச்சு. ஒரு கேமை நம்பி காசு போடலாமான்னு முடிவு பண்ண எனக்கு ஆர்கெஸ்ட்ரா உதவல, இதுதான் உதவுச்சு.

இதுக்கு நேர் மாறா 2005 சோனி. கில்சோன் 2ன்னு ஒரு ட்ரெய்லர் காட்டினாங்க, பிஎஸ்3ல கேம் இப்படித்தான் இருக்கும்னு எல்லாரையும் நம்ப வெச்சுது. அது தனியா கம்ப்யூட்டர்ல செஞ்ச படம். நெஜ கேம் 2009லதான் வந்துச்சு. நின்டெண்டோவும் சுத்தம் இல்ல, 2017ல மெட்ராய்ட் பிரைம் 4ன்னு வெறும் பேரை மட்டும் காட்டிட்டு, 2019ல முதல்ல இருந்து திரும்ப செய்யறோம்னாங்க. கைக்கு வந்தது 2025 டிசம்பர்ல.

வியாசை அண்ணா கணக்குல நின்டெண்டோவுக்கு என் மனசுல ஒரு குறை உண்டு. அவங்க கேம் மெஷின் ஸ்விட்சை இந்தியாவுல அவங்க நேரடியா விக்கவே இல்ல. நான் பர்மா பஜார்ல தேடி வாங்கினேன், வாரன்டின்னு பேச்சுக்கே இடமில்ல. வீடியோல தேதி சொல்றப்போ அந்தத் தேதி நமக்கு இல்லன்னு தெரிஞ்சுதான் பார்ப்பேன்.

கொருக்குப்பேட்டை கார்த்தி:

இவ்ளோ வரும்னு நினைக்கல, எல்லாருக்கும் நன்றி. வியாசை அண்ணே, ஒரு கேள்வி. இப்ப எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்ல சிடி போடற இடமே இல்ல. என்கிட்ட இருக்கறது அதுதான், விலை கம்மின்னு வாங்கினேன். அப்போ 2013ல சோனி ஜெயிச்சும் கடைசியில சிடி தோத்துடுச்சா?

வியாசை கேம் கடை:

முழுசா தோக்கலப்பா. சிடி போடற பிஎஸ்5 இருக்கு, அதுக்கு இன்னிக்கும் மூர் மார்க்கெட் பக்கம், பர்மா பஜார் பக்கம் செகண்ட்ஸ் நடக்குது. ஆனா நீ கேக்கறது நியாயமான கேள்வி. 2013ல சட்டமா வந்ததால எல்லாரும் எதிர்த்தாங்க. 2020ல விலை குறைச்சலா வந்துச்சு, 34,990. நம்ம பசங்களுக்கு அந்த விலைதான் கட்டுபடியாச்சு, வாங்கிட்டானுங்க. சந்தாவுல நூத்துக்கணக்குல கேம் கிடைக்குது, அது பெரிய விஷயம்தான், நான் மறுக்கல. ஆனா நாலு பேர் கூட்டு போட்டு எடுக்கறது போச்சு. ஆடி முடிச்சதை வித்து அடுத்தது வாங்கறதும் போச்சு. இதை எந்த மேடையிலயும் யாரும் அறிவிக்கல, அதனால கைதட்டவோ கத்தவோ கூட வாய்ப்பு வரல. எனக்கு வருத்தம் அதுலதான்.

கடைக்காரனையும் மதிக்கணும்னு ஈ3 மொத வருஷத்துலயே ஒரு பாடம் நடந்துச்சு. 1995 மே மாசம் சேகாங்கற கேம் கம்பெனியோட அமெரிக்கா தலைவர் டாம் காலின்ஸ்கி மேடை ஏறி, செப்டம்பர்ல வர வேண்டிய சாட்டர்ன் மெஷின் இன்னிக்கே கடைல இருக்கு, 399 டாலர்னாரு. அன்னிக்கே சோனி பக்கம் ஸ்டீவ் ரேஸ் மேடைக்கு வந்து அவங்க பிளேஸ்டேஷன் விலையை 299னு மட்டும் சொல்லிட்டு எறங்கிப் போயிட்டாரு. எல்லாரும் இந்த 299 கதையைத்தான் சொல்லுவாங்க. சேகா அந்த மெஷினைக் குறிப்பிட்ட சில கடைக்கு மட்டும்தான் குடுத்திருந்தாங்க, அதை யாரும் சொல்றதில்ல. விட்டுப்போன கடைக்காரங்க கொதிச்சுட்டாங்க. கேபி டாய்ஸ்னு பெரிய பொம்மைக் கடை, சேகா சரக்கே வேணாம்னு தூக்கிட்டாங்க. செப்டம்பர் 9ஆம் தேதி பிளேஸ்டேஷன் வந்தப்போ அந்த அலமாரி எல்லாம் அதுக்குக் காலியா இருந்துச்சு.

அதனால இந்த சனிக்கிழமை 2013 போடு. மைக்ரோசாஃப்ட், சோனி, அப்பறம் நின்டெண்டோ டைரக்ட், இதே வரிசை. அடுத்த வாரம் 2015, லோகோ சொன்ன பழைய சிடி அறிவிப்போட. அதுக்கப்பறம் 2016, தேன்மொழி சொன்ன ட்ரீஹவுஸையும் ரபீக்கோட ஆர்கெஸ்ட்ராவையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பாரு. ஒவ்வொரு கேம் வர்றப்பவும் மேடையில யார் கைலயாவது ஜாய்ஸ்டிக் இருக்கான்னு கவனி. அந்தக் கேம் எப்ப கடைக்கு வந்துச்சு, இங்க என்ன விலைன்னு தேடி எழுதிக்கோ. சுருக்கின வீடியோ எடுக்காத, முழுசா எடு. 2013 சோனியில சிடி பேச்சு கடைசிப் பக்கம்தான் வரும், பிளஸ் சந்தா விஷயத்தை சுருக்கினதுல வெட்டியிருப்பானுங்க.