கீழ்க் கடைவாய்ப் பல், வேர் பிரியுற இடத்தில் ஓட்டை: அடுத்த வாரம் அடைக்கலாமா?

கேள்வி (அம்பாசமுத்திரம்):
பல் 46 (கீழ் வலது முதல் கடைவாய்ப் பல்), வேர் சிகிச்சை. வேர்க்கால்வாய் வாய் தேடும்போது ரவுண்ட் பர் (குடையுற உருண்டை முனை) பல் அறையோட தரையைத் தாண்டிட்டு. ஓட்டை சுமார் 1 மி.மீ., பளிச்சுன்னு சிவப்பா ரத்தம் ஊறுது. அதுல 10-ம் நம்பர் ஃபைலை (மெல்லிய கால்வாய் ஊசி) தொட்ட உடனே அபெக்ஸ் லொக்கேட்டர் (வேர் நுனியைக் காட்டுற மின்கருவி) எல்லை தாண்டிட்டதா காட்டுது. மீசியல் (முன்பக்க) கால்வாய் ரெண்டும் கிடைச்சாச்சு, டிஸ்டல் (பின்பக்க) கால்வாய் கிடைக்கல. டெம்பரரி அடைப்பு வச்சு அனுப்பிட்டு அடுத்த வாரம் எம்.டி.ஏ. (ஓட்டை அடைக்குற சிமெண்ட்) போடலாமா? ஆள் பாபநாசத்துக்கு மேல இருந்து பஸ்ல வாரவர்.

பதில் (பாளையங்கோட்டை):
தள்ளாதீங்க அண்ணாச்சி, இன்னைக்கே அடைங்க. ஓட்டை சின்னது, புதுசு. எச்சில் கசிஞ்சு கிருமி போயி எலும்பு கரைஞ்சா, ஈறுப்பைக்கும் ஓட்டைக்கும் வழி விழுந்துரும். அப்புறம் எந்தப் பொருளை வச்சாலும் பலன் கம்மிதான்.

ரப்பர் டேம் (எச்சில் படாம பல்லைச் சுத்திக் கட்டுற ரப்பர் விரிப்பு) இல்லைன்னா முதல்ல அதைப் போடுங்க. ஹைப்போகுளோரைட் (கால்வாய் கழுவுற கிருமிநாசினி) சிரிஞ்சைக் கீழ வச்சிருங்க. அந்த வழியா எலும்புக்குள்ள இறங்கினா முகம் வீங்கிரும். சலைன்ல நனைச்ச பஞ்சை 5 நிமிஷம் அழுத்திப் பிடிச்சா பெரும்பாலும் ரத்தம் நிக்கும். ஃபெரிக் சல்ஃபேட் (ரத்தம் நிறுத்துற மருந்து) வேண்டாம். அது உண்டாக்குற ரத்தக்கட்டி அங்கயே தங்கி அடைப்பைக் கெடுக்கும்.

டிஸ்டலை ரத்தத்துக்குள்ள தேடாதீங்க. அடைச்ச பிறகு பாருங்க: தரை சுவரை விடக் கருப்பா இருக்கும், அந்தக் கோட்டைப் பிடிச்சுப் போனா வாய் தெரியும். நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி இருந்தா எதிர்ப்பக்கம் இன்னொண்ணு இருக்கும்.

பதில் (தென்காசி):
பஸ்ல வாரவருக்கு பயோடென்டின் (இதுவும் ஓட்டை அடைக்குற சிமெண்ட்தான்) தோது. கேப்ஸ்யூல் தூள்ல 5 சொட்டு திரவம், 30 செகண்ட் மிக்ஸர், கலந்து 12 நிமிஷத்துல இறுகிரும். எம்.டி.ஏ. (3 பங்கு தூள், 1 பங்கு தண்ணி, ஈர மணல் பதம்) இறுக மணிக்கணக்கு ஆகும்; மேல ஈரப்பஞ்சு வச்சு இன்னொரு தடவை வரச் சொல்லணும்.

வைக்கிறதுக்கு முன்னால மீசியல் ரெண்டுலயும் கட்டா பெர்ச்சா பாயிண்ட் (ரப்பர் மாதிரி மெல்லிய குச்சி) சொருகிருங்க. இல்லைன்னா பொருள் உள்ள விழுந்து இறுகி, கிடைச்ச கால்வாயும் போயிரும். பிளக்கரால (பொருளை அமுக்குற கருவி) மெதுவா தட்டுங்க, திணிச்சா எலும்புக்குள்ள போயிரும். எக்ஸ்ரேல பயோடென்டின், டென்டின் (எனாமலுக்கு அடியில உள்ள பல் பகுதி) மாதிரி மங்கலாத்தான் தெரியும், வைக்கலையோன்னு பயப்படாதீங்க.

பதில் (பாளையங்கோட்டை):
இறுகின பிறகு கால்வாய்க்குள்ள மட்டும் பக்கத்துளை ஊசி, சிக்காம ஆட்டிக்கிட்டே மெதுவா கழுவுங்க. அவர்கிட்ட இன்னைக்கே ஓட்டை விழுந்ததைச் சொல்லி கேஸ் ஷீட்ல எழுதிருங்க. 6 மாசத்துலயும் ஒரு வருஷத்துலயும் எக்ஸ்ரே எடுத்து, வேர் பிரியுற இடத்துல புரோப் (ஈறுப்பை ஆழம் அளக்குற கருவி) இறங்குதான்னு பாருங்க.